ஓட்டுநர் இல்லா ஊர்தி

ஓட்டுநரின்றித் தாமே ஓடும் வாடகைக் கார்கள் நகரம் நகரமாகப் பரவுவதைக் காண்கிறோம். 2020இல் பீனிக்ஸில் பொதுமக்களை ஏற்றத் தொடங்கிய வேமோ, பின்னர் சான் பிரான்சிஸ்கோவையும் லாஸ் ஏஞ்சலஸையும் எட்டிற்று. அதனோடு போட்டியிட்ட க்ரூஸ், ஆஸ்டின், ஹூஸ்டன் என விரைந்தது. 2023 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவில், வேறொரு கார் மோதி விழுந்த பெண்ணை க்ரூஸ் கார் 20 அடி இழுத்துச் சென்றது; அரசுக்கு அளித்த அறிக்கையில் அந்நிறுவனம் இதை மறைத்தது. உரிமம் நிறுத்தப்பட்டது. 2024 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் அத்தொழிலையே கைவிட்டது.

அபுதாபியிலும் இத்தகைய கார்கள் வந்துவிட்டன. வளைகுடாவில் காரோட்டிக் குடும்பம் காப்போர் நம்மவருள் பலர். ஓட்டுநர் தவறினால் அவரே முன்னின்று பதில் சொல்வார். அவர் இருக்கையை வெறுமையாக்குவோர், பிடித்த நகரங்களை எண்ணுமுன், அந்தப் பதிலை யார் சொல்வார் என்று நமக்குக் கூறட்டும்.