ஒரு கார் பிந்தி

ஒஸ்லோவில் ஞாயிறு இரவுகளில் பெற்றோல் நிலையங்களில் வரிசை நின்ற காலம் ஒன்று இருந்தது. கிழமைக் கடைசியில் விலை மெல்ல மெல்ல இறங்கி வரும். திங்கள் மத்தியானம் எல்லா நிலையங்களும் சொல்லிவைத்தாற்போல ஏற்றிவிடும். பிறகு வியாழனும் அந்தக் கணக்கில் சேர்ந்துகொண்டது. எங்கள் தமிழ்ச் சனத்துக்கு இந்த அட்டவணை பஞ்சாங்கத்தைவிட நல்ல பாடம். "றொம்மனிலை விலை இறங்கியிட்டுதாம், கெதியா வாங்கோ" என்று தொலைபேசி வரும். தாங்கி பாதி நிறைந்திருந்தாலும் சாப்பாட்டுக் கோப்பையை மூடிவைத்துவிட்டு ஓடுகிற ஆக்கள் இருந்தார்கள். மிச்சம் பிடிப்பது ஐம்பது குரோணர் வரும், வராது. ஆனால் திங்கட்கிழமை ஏறின விலையைப் பார்த்துக்கொண்டே கடந்துபோகிற சந்தோசத்துக்குக் கணக்கில்லை.

இந்த ஊரில் பொதுப் போக்குவரத்து நல்லது, கார் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கேட்பவர்கள் எட்டு மணிக்கு வேலை தொடங்குகிறவர்கள். விடியப் பேப்பர் போடுகிறவருக்கும், கந்தோர் திறக்கமுன்னம் நிலம் துடைத்து முடிக்க வேண்டியவருக்கும், முதியோர் இல்லத்தில் காலை முறைக்கு நிற்கிறவருக்கும் முதல் மெட்ரோ பிந்தித்தான் வரும். ரக்சிக்காரரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆகவே பெற்றோல் விலை ஏறினால் அது முதலில் தட்டுவது, விடியாத நேரத்தில் றோட்டில் நிற்கிற இந்தச் சனத்தைத்தான்.

ஊரிலிருந்து வந்த மாமா ஒருவர் விலைப் பலகையைப் பார்த்துவிட்டு, குரோணரை ரூபாயால் பெருக்கிப் பார்த்தார். "எண்ணெய் விக்கிற நாட்டிலை எண்ணெய்க்கு இவ்வளவு விலையோ?" என்றார். நியாயமான கேள்வி. 1969 நத்தாரை ஒட்டி வடகடலில் எக்கோஃபிஸ்க் வயலில் எண்ணெய் கண்டார்கள். பிறகு நோர்வே எண்ணெயை உலகத்துக்கு விற்று, காசை ஒரு நிதியத்தில் போட்டுவைக்கிறது. 1996-இல் முதல் தொகை போட்டார்கள். இன்று உலகத்தின் மிகப் பெரிய அரச நிதியங்களில் அது ஒன்று. ஆனால் தன் சனத்துக்கு எண்ணெயை மலிவாகக் கொடுக்கவில்லை. 1991-இலேயே காபன் வரி போட்டுவிட்டது. அதன்மேல் வீதி வரி, அதற்கும் மேல் நூற்றுக்கு 25 பெறுமதி சேர் வரி. எண்ணெயை மலிவாக்கித் தங்கள் சனத்தை அதற்குப் பழக்கிவிட்டு இன்று விலையை ஏற்றவும் முடியாமல் முழிக்கிற நாடுகளைப் பார்த்தால், நோர்வே செய்தது கெட்டித்தனம் என்றுதான் நினைக்கிறேன். மாமாவுக்கு இந்த விளக்கம் பிடிக்கவில்லை.

விலையால் சனத்தை ஒரு பக்கம் தள்ளலாம் என்று நம்புகிற அரசு இது. தள்ளுகிற பக்கம் சில வேளை மாறிவிடும். 2007-இல் புதுக் கார்களுக்கான வரியை, புகையில் எவ்வளவு கரியமிலவாயு போகிறது என்பதை வைத்துக் கணக்குப் பார்க்கத் தொடங்கினார்கள். டீசல் கார் அந்தக் கணக்கில் வென்றது. சில வருடங்களில் விற்ற புதுக் கார்களில் நான்கில் மூன்றளவு டீசலாகிவிட்டது. அந்தக் கார்களில் பலவற்றைப் புதிதாக வாங்கியவர்கள் ஒஸ்லோவின் மேற்குப் பக்கத்தார், நல்ல சம்பளக்காரர். நாலைந்து வருடம் ஓட்டிவிட்டு அவர்கள் விற்றபோது, கிழக்குப் பக்கத்தில் நாங்கள் வாங்கினோம். லீற்றருக்குக் கூட ஓடும், எண்ணெயும் சற்று மலிவு, இயந்திரம் நீடித்து உழைக்கும். எல்லாம் உண்மைதான்.

ஆனால் ஒஸ்லோ மலைகளுக்கு நடுவே கிடக்கிற நகரம். காற்றில்லாத கடுங்குளிர் நாட்களில் குளிர்காற்று அடியில் தங்கிவிடும். அதற்கு மேல் சூடான காற்று மூடிபோல நிற்கும். புகை மேலே போகாது. டீசல் புகையில் நைதரசன் ஒட்சைட்டு கூட. 2017 ஜனவரி 17-ஆம் தேதி, நகரசபை தன் பொறுப்பிலுள்ள வீதிகளில் டீசல் கார் ஓடக்கூடாது என்று பகல் முழுக்கத் தடை போட்டது. அதே வருடம் ஒக்ரோபரில், நகருக்குள் நுழையக் காசு கட்டும் சுங்க வளையத்தில் டீசலுக்குத் தனி விலை வந்தது, சனம் வேலைக்குப் போகிற நேரத்துக்கு இன்னும் கூட. டீசல் காரைப் புதிதாக வாங்கிய மேற்குப் பக்கத்து மனுசன் அதற்குள் அதைக் கைமாற்றிவிட்டு மின்சாரக் காரில் பேருந்துப் பாதையில் போய்க்கொண்டிருந்தார். சுங்க வாசலில் பீப் சத்தம் கேட்டது எங்கள் காரில்.

புலம்பெயர்ந்தவரின் பொருளாதாரத்தை நான் இப்படித்தான் விளங்கிவைத்திருக்கிறேன். அரசு காட்டுகிற திசையில் நாங்களும் போகிறோம். ஆனால் ஒரு கார் பிந்தி.

மின்சாரக் காரின் கதை டீசலைவிடப் பழையது. 1989-இல் ஆ-ஹா இசைக்குழுவின் மோர்ட்டன் ஹார்க்கெட்டும் மாக்னே ஃபுறுஹோல்மெனும், பெலோனா என்ற சூழல் அமைப்பின் ஃபிரெடெரிக் ஹௌகேயும் சேர்ந்து, மின்சாரத்துக்கு மாற்றிய ஒரு ஃபியட் பாண்டாவைக் கொண்டுவந்து ஓடினார்கள். சுங்கம் கட்ட மறுத்தார்கள். தண்டம் ஏறி, காரைப் பறித்து ஏலத்தில் விட்டால், ஏலத்தில் கேட்க வேறு ஆள் இல்லை. தாங்களே திரும்ப வாங்கி ஓடினார்கள். பகிடிபோலத் தொடங்கியது சட்டமாகியது. 1990-இல் இறக்குமதி வரி போனது. 1997-இல் சுங்கம் போனது. 2001-இல் பெறுமதி சேர் வரியும் போனது. 2005-இலிருந்து பேருந்துப் பாதையில் ஓடவும் விட்டார்கள். இவ்வளவு சலுகை கிடந்தும் ஓடத்தக்க கார் இருக்கவில்லை. 2011-இல் நிசான் லீஃப் வந்தபிறகுதான் சாதாரண குடும்பம் திரும்பிப் பார்த்தது. 2013-இல் டெஸ்லா மாடல் எஸ் வந்தபிறகு பணக்காரர் திரும்பிப் பார்த்தார்கள். 2024-இல் விற்ற புதுக் கார்களில் நூறில் 89 மின்சாரம். அந்த வருடம் செப்டெம்பரில் நாட்டிலுள்ள மின்சாரக் கார்களின் தொகை பெற்றோல் கார்களின் தொகையைத் தாண்டியது. எண்ணெய் விற்ற காசில் நிமிர்ந்து நிற்கும் நாடு தன் வரிச்சலுகையால் எண்ணெயை விட்டு விலகுகிறது. மாமா கேட்டிருந்தால் இதற்கும் ஒரு கேள்வி வைத்திருப்பார்.

இடையில் வேறு எண்ணெய்களும் வந்து போயின. பயோடீசலுக்கு வீதி வரி இல்லை என்று சொல்லிச் சிலரை இழுத்தார்கள். 2010-இல் பாதி வரி போட்டதும் அந்த ஆசை அடங்கியது. ஹைட்ரஜனை எதிர்காலம் என்றார்கள். 2019 யூனில் ஒஸ்லோவுக்குப் பக்கத்தில் சான்ட்விக்காவில் ஹைட்ரஜன் நிரப்பு நிலையம் ஒன்று வெடித்தது. மற்ற நிலையங்களையும் மூடினார்கள், அந்தக் கார்களை விற்பதையும் கொஞ்சக் காலம் நிறுத்தினார்கள். இருப்பதை விற்று அப்படி ஒரு காரை வாங்கி, நிரப்ப இடமில்லாமல் வாசலில் நிறுத்திவைப்பதை நினைத்துப் பாருங்கள்.

சனி ஞாயிறுகளில் தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் தகப்பன்மார் கதைப்பது பெரும்பாலும் இதுதான். முன்பு அரசியல் கதைத்த இடம். "என்ன மச்சான், கரண்டிலை ஓடுறியோ, எண்ணெயிலையோ?" என்று கேட்பவர் கரண்டுக்காரர் என்று தெரிந்துகொள்ளலாம். அவருக்குத் தனிவீடு இருக்கும். ஒஸ்லோவுக்கு வெளியே லோரன்ஸ்கூக்குக்கோ ஷெட்ஸ்மோவுக்கோ போய்க் கடன்பட்டு வாங்கிய வீடு. சுவரில் சார்ஜர் பூட்டியிருப்பார்.

நோர்வேயில் தூரத்தை மீல் என்று சொல்வார்கள், ஒரு மீல் பத்துக் கிலோமீற்றர். என்னுடைய பெற்றோல் கார் மீலுக்கு முக்கால் லீற்றர் குடிக்கும். லீற்றர் 20 குரோணர் என்றால் 15 குரோணர். மின்சாரக் கார் மீலுக்கு இரண்டு அலகு எடுக்கும். வீட்டில் அலகு ஒன்றரைக் குரோணருக்குக் கிடைத்தால் 3 குரோணரோடு வேலை முடிந்தது. அதே காரை றோட்டோர வேகச் சார்ஜரில் செருகினால் அலகுக்கு 6 குரோணர் வரும்; அப்போது மீலுக்கு 12. குளிரில் பற்றறி சுருங்கும், ஹீற்றரும் அதிலிருந்துதான் எடுக்கும். தை மாதத்தில் அந்த 12 பெற்றோலின் 15-ஐத் தொட்டுவிடும். ஆக, மின்சாரக் கார் மலிவோ இல்லையோ என்பதைத் தீர்மானிப்பது காரே இல்லை. அதை இரவில் எங்கே நிறுத்துகிறீர்கள் என்பதுதான்.

நாங்கள் நிறுத்துவது அடுக்குமாடிக்குக் கீழே, திறந்த வெளியில். கிழக்குப் பக்கத்தில் ஸ்தூவ்னரிலும் குரூருட்டிலும் நிற்கிற இந்த மாடிகள் அநேகமாக அறுபதுகளிலும் எழுபதுகளிலும் கட்டியவை. வீட்டுக்காரர் எல்லாரும் சேர்ந்த கூட்டுச் சங்கம்தான் சொந்தக்காரர். சார்ஜர் போட வேண்டுமானால் நிலத்தைக் கிண்டிக் கேபிள் இழுக்க வேண்டும், மின்மாற்றி தாங்குமோ என்று பார்க்க வேண்டும். செலவு பொதுக் கடனில் ஏறும், மாத வாடகையோடு எல்லாரும் கட்ட வேண்டும். 2021 தொடக்கத்திலிருந்து இப்படிச் சங்கங்களில் இருப்பவருக்கும் சார்ஜர் கேட்கும் உரிமையைச் சட்டம் கொடுத்திருக்கிறது. தகுந்த காரணம் இல்லாமல் மறுக்க முடியாது. சட்டம் நல்லது. ஆனால் ஆண்டுக் கூட்டத்தில் எழும்பி நின்று, கார் வைத்திராத எண்பது வயது அம்மாவிடம் "எங்கள் கேபிளுக்கு நீங்களும் கட்டுங்கள்" என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. வேறு ஒருவர் கேட்டார். அம்மா நேராகவே கேட்டார்: "என் பேருந்துச் சீட்டுக்கு நீங்கள் கட்டுவீர்களா?"

2022-இல் இரண்டு பக்கமும் அடி விழுந்தது. ரஷ்யா உக்ரேனுக்குள் போனபிறகு பெற்றோல் லீற்றர் 25 குரோணரைத் தாண்டியது. அதே நேரம் தென் நோர்வேயில் மின்சார விலையும் முன் எப்போதும் இல்லாத உயரத்துக்குப் போனது. அரசு வீட்டு மீட்டருக்கு உதவித்தொகை கொடுத்தது. றோட்டோரச் சார்ஜருக்கு அந்த உதவி இல்லை. தனிவீட்டில் செருகினவர் மறுபடி தப்பினார். வடக்கே ஃபின்மார்க்கில் மின்சாரம் மிக மலிவாக இருந்தது, அங்கே அதற்கு வரியும் இல்லை. எண்பதுகளின் கடைசியில் எங்கள் ஆக்கள் மீன் தொழிற்சாலை வேலைக்குப் போய் இறங்கிய கரைகள் அவை. ஆனால் நாட்டிலேயே மின்சாரக் கார் குறைந்த இடமும் அதுதான். அடுத்த ஊருக்கு நூறு கிலோமீற்றர், நடுவில் பனிப்புயல். கரண்டு மலிவாக இருந்து என்ன?

அந்த வருடம் ஊரோடு கதைக்கும்போது என் முறைப்பாட்டை வாயிலேயே எடுக்கவில்லை. யூன் கடைசியில் இலங்கையில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய்; விலையைவிட, எண்ணெயே இல்லை. பிறகு கியூஆர் அட்டை வந்தது. காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5, மோட்டார் சைக்கிளுக்கு 4. "இது என்ன, நாங்கள் பாக்காததோ?" என்றார் அக்கா.

பார்த்ததுதான். 1990 யூனில் சண்டை தொடங்கியபிறகு யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் தடை. மின்சாரமும் இல்லை. ஆனாலும் கார்கள் ஓடின. பழைய ஆஸ்டின் ஏ40, மொரிஸ் மைனர், ஹொண்டா மோட்டார் சைக்கிள்கள், எல்லாம் மண்ணெண்ணெயில். மண்ணெண்ணெய் குளிர்ந்த இயந்திரத்தில் பற்றாது. அதனால் சேலைன் குழாய் பூட்டிய சின்னப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்திருப்பார்கள். அதைக் காபுரேற்றருக்குள் சொட்டுச் சொட்டாக விட்டு, உதைத்து ஸ்ராட் பண்ணி, இயந்திரம் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். வெள்ளைப் புகை ஒழுங்கையை மூடும். கலியாண வீட்டுக்குப் போனவர் மண்ணெண்ணெய் மணத்தோடுதான் போய் இறங்குவார். மாற்று எரிபொருள் என்று அதை ஒருவரும் சொல்லவில்லை. எந்தச் சலுகையும் இல்லாமல் ஒரு குடாநாடே கிட்டத்தட்ட ஒரே நாளில் மாறியது.

இந்தக் கதையை நான் வேலை செய்த முதியோர் இல்லத்தில் ஒரு கிழவரிடம் சொன்னபோது, அவர் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. 1940 முதல் 1945 வரை ஜெர்மன்காரர் நோர்வேயைப் பிடித்துவைத்திருந்த காலத்தில், இங்கும் பெற்றோல் இல்லை. லொறிக்கும் பேருந்துக்கும் பின்னால் பீப்பாய்போல ஒரு உலை பூட்டினார்கள். சின்னச் சின்னத் துண்டாக வெட்டிக் காய்ந்த விறகை உள்ளே போட்டு, காற்றுப் போதாமல் எரியவிட, வருகிற வாயுவை வடித்து இயந்திரத்துக்கு அனுப்பினார்கள். அந்த விறகுத் துண்டைக் க்னொட் என்பார்கள். அவர் தகப்பனோடு லொறியில் போய், மேட்டில் ஏறமாட்டாமல் நின்றால் கீழே இறங்கித் தள்ளியிருக்கிறார். "அப்பாவின் உடுப்பு முழுக்கப் புகை மணம்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, மண்ணெண்ணெயில் ஓடினால் பிளக் கரி பிடிக்குமே, என்ன செய்தீர்கள் என்று தொழில்காரன் மாதிரிக் கேட்டார். கழற்றித் தேய்ப்போம் என்றேன். தலையை ஆட்டினார். நோர்வேக்காரர் ஒருவர் என் ஊர்க் கதைக்குப் பரிதாபப்படாமல் தொழில்நுட்பக் கேள்வி கேட்டது எனக்குப் பெரிய மரியாதையாகப் பட்டது.

மின்சாரத்துக்கு மாறுவதில் ரக்சி ஓட்டும் நண்பருக்குத் தெரிவு இருக்கவில்லை. 2024 நவம்பரிலிருந்து ஒஸ்லோவில் ரக்சிகள் புகை விடாத வண்டிகளாக இருக்க வேண்டும் என்று விதி. கடன் எடுத்து மாற்றினார். விமான நிலையத்தில் சார்ஜருக்கு நிற்கிற நேரத்தை ஓட்டமாக்கினால் கடன் கட்டி முடிந்திருக்கும் என்று முறையிடுகிறார். ஆனால் டீசலுக்குத் திரும்பமாட்டாராம், முதுகுவலி குறைந்துவிட்டது, இயந்திரத்தின் நடுக்கம் இல்லையல்லவா.

இப்போது சலுகைகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றுகிறார்கள். சுங்கம் திரும்பி வந்துவிட்டது. பெறுமதி சேர் வரி விலக்கு 2023-இல் ஐந்து இலட்சம் குரோணர் வரை என்று சுருங்கி, 2026-இல் மூன்று இலட்சமாகச் சுருங்கியிருக்கிறது. எங்கள் மாடிகளுக்கு இடையில் கேபிள் போடக் கிண்டுகிற வேலை தொடங்கியிருப்பதும் இதே நேரம்தான். பட்டியலில் என் பெயரும் இருக்கிறது. பழைய நிசான் லீஃப் ஒன்றைப் பார்த்துவைத்திருக்கிறேன். பற்றறி கொஞ்சம் களைத்திருக்கிறது, வேலைக்குப் போய்வரக் காணும். விற்கிறவர் மேற்குப் பக்கத்துத் தனிவீட்டுக்காரர், புதிதாக ஒன்று எடுத்துவிட்டாராம். குளிர்கால ரயரையும் சேர்த்துத் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.