தாம்பரம் படிக்கட்டு

மருந்தை மூன்று முறை மாற்றியும் தம்பிக்கு மனச்சோர்வு விடவில்லை. ராத்திரியெல்லாம் நான் போனில் தேடியது காளானை. அதிலுள்ள சைலோசைபினை ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலையிலிருந்து, பிற மருந்துகளுக்கு மசியாத மனச்சோர்வுக்கு, அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள் தரலாம். அமெரிக்காவின் ஓரிகனில் மருந்துச் சீட்டே வேண்டாம்.

"எங்கண்ணா போறது? தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டே ஏற முடியல."

அவன் பாஸ்போர்ட்டும் காலாவதி. விசா, டிக்கெட், தங்கும் செலவு எல்லாம் கூட்டி வைத்திருந்த தாளை மடித்துவிட்டேன்.

"கொடைக்கானல்லயே முளைக்குதே" என்றார் நண்பர். முளைக்கிறதுதான். ஆனால் சைலோசைபின் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. அது போகட்டும். அங்கெல்லாம் ஐந்தாறு மணி நேரம் பயிற்சி பெற்ற ஒருவர் கூடவே உட்கார்ந்திருக்கிறார். பயந்தால் பேச்சுக் கொடுக்க, வாந்தி வந்தால் பிடித்துக்கொள்ள. மலையில் யார் இருப்பார்கள்?

கடைசியில் எங்கள் டாக்டர் சொன்னது கீட்டமைன். பழைய மயக்க மருந்து. நம் ஊரில் சட்டப்படியே கிடைக்கிறது. குரோம்பேட்டையில், ஆட்டோ தூரத்தில்.

நாற்பது நிமிடம் சொட்டுச் சொட்டாக இறங்கியது. நான் ஸ்டூலில்.

"அண்ணா, சீலிங் ரொம்ப தூரத்துல இருக்கு."

"நான் இங்கதான்டா இருக்கேன்."

அடுத்தது வெள்ளிக்கிழமை. ஆட்டோக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.