உலகக்கோப்பையை வென்றவர்... அது அவர் நினைவிலேயே இல்லை!

2003, நவம்பர் 22. சிட்னியில் ரக்பி உலகக்கோப்பை இறுதிப்போட்டி. இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் 17-17 எனச் சமநிலை. கூடுதல் நேரமும் முடியப்போகிறது. பக்கக்கோட்டில் நின்றபடி ஸ்டீவ் தாம்ப்சன் பந்தைத் தலைக்கு மேல் தூக்கி நீளமாக எறிகிறார். வரிசையின் கடைசியில் நின்ற லூயிஸ் மூடி எம்பிப் பிடிக்கிறார். சில நொடிகளில் ஜானி வில்கின்சன் வலது காலால் உதைத்த பந்து கம்பங்களுக்கு நடுவே பறக்கிறது. 20-17. இங்கிலாந்துக்கு முதல் உலகக்கோப்பை!

அந்தப் பந்தை எறிந்த தாம்ப்சனுக்கு இன்று அது எதுவுமே நினைவில் இல்லை. வீடியோவில் தன்னையே பார்த்தாலும், யாரோ ஒருவரைப் பார்ப்பதுபோலத்தான் இருக்கிறது.

1978-ல் பிறந்தவர் தாம்ப்சன். நார்த்தாம்ப்டன் அணியில் வளர்ந்து, 2002-ல் இங்கிலாந்து அணிக்குள் வந்தார். அவருடைய இடம் 'ஹூக்கர்'. ரக்பியில் 'ஸ்க்ரம்' என்று ஒன்று உண்டு. பக்கத்துக்கு எட்டுப் பேர் தோளோடு தோள் கோத்து, குனிந்து, எதிரணியை முட்டித் தள்ளுவார்கள். அதில் முன்வரிசையின் நட்டநடுவில் நிற்பவர்தான் ஹூக்கர். மொத்தப் பாரமும் அவர் கழுத்தில் இறங்கும்.

1995-ல்தான் இந்த ஆட்டம் சம்பளம் வாங்கி ஆடும் தொழிலானது. ஆட்டக்காரர்களின் உடல் பெருத்தது, மோதலின் வேகம் கூடியது, பயிற்சியும் தினசரி வேலையானது. பயிற்சியில் முட்டி முட்டித் தலைகிறங்கிக் கிடந்தால், "குட்டித் தூக்கம் போடுகிறான், எழுந்துவிடுவான்" என்று சுற்றியிருந்தவர்கள் சிரித்ததைத் தாம்ப்சன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்த அடிகளை யாரும் கணக்கு வைக்கவில்லை.

2007-ல் கழுத்துக் காயத்தால் ஓய்வு. மீண்டு வந்து, 2011 உலகக்கோப்பையிலும் ஆடினார். அதே கழுத்து மறுபடியும் நிறுத்தியது. நாட்டுக்காக மொத்தம் 73 ஆட்டங்கள்.

2020-ல், 42 வயதில், அவருக்கு டிமென்ஷியா என்னும் மறதிநோய் தொடங்கிவிட்டது தெரியவந்தது. நான்கு குழந்தைகளின் தந்தைக்குச் சில நேரம் மனைவியின் பெயரே வாயில் வருவதில்லை. மீண்டும் வாய்ப்புக் கிடைத்தால் இந்த ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்க மாட்டேன் என்றார். முன்னாள் வீரர்கள் சிலரோடு சேர்ந்து ரக்பி அமைப்புகள் மீது சட்ட நடவடிக்கையில் இறங்கினார். பிறகு நூற்றுக்கணக்கானோர் அதில் சேர்ந்தார்கள்.

இப்போது தலையில் அடிபட்டதாகச் சந்தேகம் வந்தாலே, பெரிய போட்டிகளில் வீரரை வெளியே அழைத்துப் பரிசோதிக்கிறார்கள். பந்து வீட்டு முற்றத்தில் உருண்டாலும் இந்தப் பாடம் ஒன்றுதான். தலையில் அடிபட்ட பிள்ளை, "ஒண்ணுமில்லப்பா" என்று சொன்னாலும் அன்றைக்கு ஆட்டத்துக்குத் திரும்ப விடக்கூடாது.

தலையில் தொடர்ந்து விழும் அடிகளால் மூளை சிதையும் சி.டி.இ என்ற பாதிப்பும் தாம்ப்சனுக்கு இருக்கலாம் என்பது மருத்துவர்களின் கணிப்பு. அதை உறுதிசெய்ய, இறந்தபின் மூளையை ஆராய்ந்தால்தான் முடியும். 2021-ல் தன் மூளையை ஆய்வுக்குத் தருவதாக அவர் அறிவித்தார். இனி ஆட வரும் பிள்ளைகளுக்கு அது உதவட்டும் என்பது அவர் எண்ணம். அந்தப் பிள்ளைகளுக்காவது, தாங்கள் ஜெயித்த நாள் நினைவில் இருக்கட்டும்!