பென் தான் சந்தையில் மூன்றாவது விலை

வெள்ளி இரவு

ஹனோயில் வேலையை முடித்துவிட்டு நேரே சைகோனுக்கு விமானம். 1976இல் ஹோ சி மின் நகரம் என்று பெயர் மாற்றியாயிற்று. டாக்சிக்காரர் வாயில் இன்னும் சைகோன்தான்.

பக்கத்துச் சந்தில் ஃபோ. ஹனோயில் கிண்ணத்தில் சாறு, நூடுல்ஸ், இறைச்சி, வெங்காயத்தாள், அவ்வளவே. இங்கே இலை தழைகளும் முளைப்பயறும் எலுமிச்சையும் தனித்தட்டில் குவிந்து வருகின்றன. சாற்றில் இனிப்பு தூக்கல். என் நாக்கு வடக்கே பழகிவிட்டது. பாதிக் கிண்ணம் தாண்டித்தான் இணங்கியது.

சனி

காலையில் கம் தாம், அதாவது நொய்யரிசிச் சோறு. ஆலையில் உடைந்து ஒதுங்கிய குருணையை ஒரு காலத்தில் ஏழைகள்தான் பொங்கினார்கள். இன்று ஊருக்கே பெயர் வாங்கித் தருகிறது. கரியடுப்பில் சுட்ட பன்றி விலா, மேலே இனிப்பு கலந்த மீன் சாஸ். விலை சுவர்ப் பலகையில்: யார் வந்தாலும் 60,000 டோங். இங்கே பேரத்துக்கு வேலையே இல்லை.

பென் தான் சந்தைக்கு வேண்டுமென்றே பத்து மணிக்கு மேல் போனேன். போணியாவதற்கு முன் பேரம் பேசிவிட்டு வாங்காமல் நகர்ந்தால், ஹனோயில் காகிதத்தைக் கொளுத்தித் தோஷம் கழிப்பார்கள். நம் ஊர்க் கடைத்தெருவில் வளர்ந்தவளுக்கு இதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

1914இல் பிரெஞ்சுக்காரர் காலத்தில் திறந்த சந்தை, முகப்பில் மணிக்கூண்டு. உள்ளே கடைக்குக் கடை புனுகுப்பூனைக் காபி. அத்தனை பூனைக்கு இந்த நாடு போதாது. எனக்கு வேண்டியது அலுமினியக் காபி வடிகட்டி ஒன்று. கடைக்காரம்மா கால்குலேட்டரில் 180 தட்டிக் காட்டினார். ஆயிரத்தை யாரும் சொல்வதில்லை.

"அக்கா, ரொம்ப அதிகம்" என்றேன் வியட்நாமியத்தில்.

சிரித்துவிட்டார். "அட, ஹனோய்ப் பேச்சு! அங்கே என்ன வேலை தங்கச்சி? கல்யாணம் ஆச்சா? சம்பளம் எவ்வளவு?"

சம்பளத்தைத் தவிர எல்லாம் சொன்னேன். கேள்விக்குக் கேள்வி விலை இறங்கியது: 120, 90. நகர்ந்தேன், முழங்கையைப் பிடித்தார், 70. காசை எண்ணும்போதே உள்ளூர்ப் பெண் ஒருத்தி அதே வடிகட்டியை எடுத்து, பேசாமல் 50ஐ வைத்துவிட்டுப் போனாள்.

சுற்றுலாப் பயணிக்கு ஒரு விலை, ஊர்க்காரிக்கு ஒரு விலை, இரண்டுக்கும் நடுவே எனக்கு. பிழைக்க வந்து பாஷை கற்றவளின் இடம் அதுதான் போலும். ஊர்க்காரி விலைக்கும் என் விலைக்கும் வித்தியாசம் நம் காசில் சுமார் எழுபது ரூபாய். அவ்வளவு பேச்சுக்கு அது தகும். சந்தையிலேயே ஒரே விலைக் கடைகளும் உண்டு. அங்கே யாரும் கல்யாணத்தைப் பற்றிக் கேட்பதில்லை.

ஞாயிறு

சந்தையிலிருந்து நடை தூரத்தில், ட்ருவோங் டின் தெருவில் மாரியம்மன் கோயில். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் தமிழ் வணிகர்கள் கட்டியது. இன்று கும்பிடுகிறவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியரும் சீனரும். வாசலில் பூக்காரம்மா மல்லிகைச் சரம் 30 என்றார். அம்மன் வாசலில் பேரமா என்று நான் யோசிக்கையில், அருகில் நின்ற வியட்நாம்காரி, "இருபது" என்று கறாராக முடித்து, எனக்கும் சேர்த்து இரண்டு சரம் வாங்கினாள். என் பங்கைக் கையோடு வாங்கிக்கொள்ளவும் மறக்கவில்லை.