வணிகப் பள்ளிக்குப் போன இலக்கிய மாணவர்

ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. தேறிக் கல்லூரியில் ஆசிரியராக அமரும் இளைஞருக்கு முதன்முதலில் வாய்ப்பது பெரும்பாலும் ஷேக்ஸ்பியர் வகுப்பன்று, பி.காம். முதலாண்டின் ‘பார்ட் டூ இங்கிலீஷ்’தான். காவிய லக்ஷணங்களையும் நாடக ரஸங்களையும் பயின்று வந்த அவர், மத்தியான உணவு முடிந்த முதல் பீரியடில், அக்கவுண்ட்ஸ் நோட்டை மடியில் விரித்து வைத்திருக்கும் ஒரு பெருங்கூட்டத்தின் முன் நின்று, வினைச்சொற்களின் இறந்தகால வடிவங்களைக் கரும்பலகையில் எழுதவேண்டியிருக்கிறது. இதனை ஒரு வனவாசமாக எண்ணி, இலக்கிய வகுப்புக் கிடைக்கும் வரையில் நாளைக் கடத்துவோர் நம்மிடையே பலர். அவர்கள்மீது எனக்குக் கோபமில்லை. ஆயினும் இத்தொழிலின் மூலஸ்தானம் அந்த வகுப்பறையே என்பது என் திடமான நம்பிக்கை.

அந்த நம்பிக்கைக்கு உரமிட்டது, திருவல்லிக்கேணி நடைபாதைக் கடையொன்றில் வாங்கிய, அட்டை கிழிந்த பழைய ஹார்ன்பி அகராதி. அதில் என் கண்ணை முதலில் கவர்ந்தவை பெயர்ச்சொற்களின் அருகே அடைப்புக்குள் நிற்கும் ‘சி’, ‘யு’ என்னும் இரண்டு எழுத்துக்கள். முன்னது, எண்ணிச் சொல்லத்தக்க பெயர் என்பதற்கு அடையாளம். பின்னது, எண்ணுக்கு அடங்காத பெயர் என்பதற்கு. நாற்காலியைக் குறிக்கும் ‘சேர்’ முதல் வகை. நாற்காலி, மேஜை அனைத்தையும் அடக்கிய ‘ஃபர்னிச்சர்’ இரண்டாம் வகை. ஆங்கிலேயனுக்கு இந்தக் குறிப்பினால் யாதொரு பயனுமில்லை. தாய்மடியிலேயே அவனுக்குக் கைவந்த விஷயம் அது. ‘நாலு மாம்பழம் வாங்கி வா’ என்று பன்மை விகுதியே இல்லாமல் நிறைவாகப் பேசிவிடுகிற தமிழனுக்கும், ஒருமை பன்மையைப் பெயர்ச்சொல்லில் வற்புறுத்தாத ஜப்பானியனுக்குமே அது வழித்துணை. பிற மொழி பேசும் மாணவர்களின் முன்னே நின்று, அவர்கள் கால் இடறும் இடம் இதுதான் என்று எவரோ ஒருவர் கண்டுகொண்டாலன்றி, இந்தச் சிற்றெழுத்துக்கள் அங்கே அச்சேறியிரா என்று தோன்றியது. அந்த ஒருவரின் கதையைத் தேடிப் படிக்கலானேன்.

ஆல்பர்ட் சிட்னி ஹார்ன்பி 1898-ல் பிறந்தவர். லண்டன் யூனிவர்ஸிடி காலேஜில் ஆங்கிலம் பயின்று 1922-ல் பட்டம் பெற்றவர். 1924-ல் அவர் கப்பலேறிச் சென்றது ஜப்பானின் பெருந்தீவுகளுள் தென்கோடியிலிருக்கும் க்யூஷுவில் உள்ள ஓயிட்டா என்னும் ஊருக்கு. அங்கே அவருக்குக் காத்திருந்தது ஓர் உயர்தர வணிகப் பள்ளி, நம் பி.காம். வகுப்பின் ஜப்பானிய உடன்பிறப்பு என்றே அதைச் சொல்லலாம். இலக்கியம் போதிக்கச் சென்ற அவர், அம்மாணவருக்கு இன்றியமையாதது பாஷையே என்று விரைவில் உணர்ந்து, மனம் சோராமல் அந்தப் பக்கமே முழுக்கத் திரும்பிக்கொண்டார். அந்நாளில் டோக்கியோவில் ஹெரால்ட் பாமர் என்னும் பேரறிஞர், ஆங்கிலம் கற்பிக்கும் முறைகளை ஆராய்வதற்கென்றே 1923-ல் ஒரு நிலையத்தை நிறுவி நடத்தி வந்தார். வணிகப் பள்ளி ஆசிரியருக்கும் அவருக்கும் தொடர்பு வளர்ந்து, முடிவில் ஹார்ன்பி டோக்கியோவுக்கே அழைக்கப்பட்டார். 1936-ல் பாமர் தாயகம் திரும்பியபின், நிலையத்தின் பத்திரிகையை நடத்தும் பொறுப்பும் அவரிடம் வந்தது. கேட்ன்பி, வேக்ஃபீல்ட் என்னும் இரு சகாக்களுடன் அவர் தொகுத்த அகராதி டோக்கியோவில் 1942-ல் வெளியாயிற்று. யுத்தம் மூண்டு, ஆங்கிலேயர் அங்கே எதிரி நாட்டவராகத் தடுத்து வைக்கப்பட்டு, பின்னர்க் கைதிப் பரிமாற்றத்தில் ஊர் திருப்பப்பட்ட அதே காலத்தில், அவர்கள் பாஷையின் அகராதி ஒன்றை ஜப்பானியப் பதிப்பாளர் அச்சிட்டு வெளியிட்டார் என்பது நினைக்குந்தோறும் என்னை நெகிழச் செய்கிறது. 1948-ல் ஆக்ஸ்ஃபோர்ட் அச்சகம் அதனை வேறு பெயரில் மறுபடியும் வெளியிட, அது உலகமெங்கும் பரவிற்று.

அந்த அகராதியில் நான் மிகவும் போற்றுவது வினைச்சொற்களுக்கு அவர் வகுத்த அமைப்புக்களையே. ஒவ்வொரு வினைக்கும் அருகே ஓர் எண் நிற்கும். அந்த வினை தன் பின்னே எத்தகைய சொற்களை ஏற்கும், எவற்றை ஏற்காது என்பதை அது காட்டும். நம் மாணவன் ‘எக்ஸ்ப்ளெயின் மீ’ என்கிறான். நாம் உடனே தவறு என்று சிவப்பு மசியால் சுழிக்கிறோம்; ஆனால் அவன் காரணமின்றியா அப்படிச் சொல்கிறான்? ‘எனக்குச் சொல்லுங்கள்’, ‘எனக்குக் கொடுங்கள்’, ‘எனக்கு விளக்குங்கள்’ என்று மூன்றையும் ஒரே நான்காம் வேற்றுமையால் இயல்பாக முடிக்கும் பாஷை அவனுடையது. முதல் இரண்டுக்கும் ‘டெல் மீ’, ‘கிவ் மீ’ என்று ஆங்கிலம் இணங்கிவிட, மூன்றாவதும் இணங்கும் என்று அவன் அனுமானிப்பது தர்க்கப்படி நேரிய அனுமானம். மறுப்பது ஆங்கிலத்தின் வழக்கேயன்றி அவனுடைய அறிவீனமன்று. இலக்கணப் புத்தகம் எத்தனையோ பக்கம் விதி சொல்லும். அந்த ஒரு சொல்லின் அருகே, அவன் தேடும் இடத்திலேயே, அந்த மறுப்பைப் பதிந்து வைத்தவர் ஹார்ன்பி. ‘டிஸ்கஸ்’ என்பதன் பின்னே ‘அபவுட்’ சேர்ப்பவனுக்கும் அங்கே அதே தூரத்தில் விடை கிடைக்கிறது. இவ்வளவு பரிவு, மாணவனின் தவற்றை அவமதியாமல், அதன் பிறப்பிடத்தைத் தேடிச் சென்ற ஒருவருக்கே வரும். நூலகத்தில் உட்கார்ந்து எவ்வளவு காலம் வாசித்தாலும் ‘எக்ஸ்ப்ளெயின் மீ’ நம் கண்ணில் படாது. ஆங்கிலேயர் எவரும் அப்படி எழுதவில்லையே! அதைக் கேட்க வேண்டுமானால் வகுப்புக்குத்தான் போக வேண்டும்.

நம் நாட்டு ஆசிரியர்களுக்கும் இவ்வழி அந்நியமன்று. டாக்காவில் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியை நடத்திய மைக்கேல் வெஸ்ட், வங்காளச் சிறுவர்கள் வாசிக்கத் திணறுவதைக் கண்ட பின்னரே, குறைந்த சொற்களைக் கொண்டு பாட நூல்களை ஆக்கினார்; 1953-ல் அவர் வெளியிட்ட சுமார் 2,000 சொற்களின் பட்டியல் அதன் தொடர்ச்சியே. சென்னை ராஜ்யத்திலும் 1950-களின் முடிவில், ஆரம்ப வகுப்புக்களில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் ஆயிரக்கணக்கான ஆசிரியர்களுக்கு வாக்கிய அமைப்புக்களின் வழியே கற்பிக்கும் முறையைப் பயிற்றுவிக்கும் பெருமுயற்சி நடைபெற்றது. 1958-ல் ஹைதராபாத்தில் மத்திய ஆங்கில நிலையம் தோன்றியது. இத்தனையும் நடந்திருக்க, எம்.ஏ. பாடத்திட்டங்கள் பலவற்றில் இன்றும் மொழி கற்பித்தல் என்பது விருப்பப்பாடமாக ஒரு மூலையில் ஒதுங்கி நிற்பது எனக்குத் துயரமளிக்கிறது. பட்டம் பெறுவோரில் மிகப் பலர் செய்யப்போகும் தொழில் அதுவல்லவா? ஸானெட்டின் அமைப்பை விளக்கத் தெரிந்த இளைஞருக்கு, மாணவனின் பிழையை வாசிக்கவும் தெரிந்திருக்க வேண்டாமா? இரண்டுமே நுண்ணிய வாசிப்புத்தான். கவிதையில் ஒரு சொல் ஏன் அவ்விடத்தில் நிற்கிறது என்று ஆராய்ந்து பழகிய கண்ணுக்குப் பையனின் கட்டுரை நோட்டும் ஆராயத் தகுந்ததே. ஆகவே இலக்கியப் படிப்பு வீணாயிற்று என்று வருந்தும் இளம் ஆசிரியரிடம், அது பயன்படத் தொடங்கும் இடம் இப்போதுதான் வந்திருக்கிறது என்று சொல்ல விரும்புகிறேன்.

அகராதி ஹார்ன்பிக்கு நிறையப் பொருள் ஈட்டிக் கொடுத்தது. 1961-ல் அவர் ஓர் அறக்கட்டளை நிறுவி, அவ்வருமானத்தில் பெரும்பகுதியை, வெளிநாடுகளில் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்கள் மேற்கொண்டு பயில்வதற்கென்று எழுதி வைத்தார். அவர் பெயரால் வழங்கும் உபகாரச் சம்பளத்துக்குப் பட்டம் பெற்ற கையோடு விண்ணப்பிக்க முடியாது. தத்தம் தேசத்தில் முன்னரே சில காலம் வகுப்பு நடத்தியிருக்க வேண்டும்.