கலவான வீதியும் வீட்டு வேன் கணக்கும்

இரத்தினபுரி என்றதும் பலருக்கு மாணிக்கக் கற்கள்தான் நினைவுக்கு வரும். அதே மாவட்டத்தின் தென்மேற்கு ஓரத்தில், சிங்கராஜ வனத்துக்கு வாசற்படியாக அமைந்த கலவானவுக்கு ஒரு முறை போய் வந்தவர்களுக்கோ மழைதான் நினைவுக்கு வரும். சிங்கராஜவைச் சுற்றிய இந்தப் பகுதியில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டுகிறது. புத்தளத்துச் சகோதரிகள் தங்கள் ஊரில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையை இரண்டு மடங்குக்கும் மேலாகப் பெருக்கிப் பார்த்தால் கலவானவின் ஈரம் ஓரளவு விளங்கும்.

கொழும்பிலிருந்து அவிசாவளை வழியாக இரத்தினபுரிக்கு ஏறக்குறைய 100 கிலோமீற்றர். அங்கிருந்து திருவானாக்கெட்டிய, நிவித்திகல, கரவிட்ட என்று வளைந்து வளைந்து போனால் கலவான நகரம் வரும். களுத்துறைப் பக்கத்தவர்களுக்கு மத்துகம, அகலவத்த, பதுரலிய வழியாக இன்னொரு பாதை உண்டு. எந்தப் பாதையில் வந்தாலும் காட்சி ஒன்றுதான். ஒரு பக்கம் தேயிலைச் சரிவு, மறு பக்கம் இறப்பர் மரங்கள், இடையிடையே கமுகும் கித்துளும். கீழே பாறைகளில் மோதிச் சத்தமிட்டு ஓடும் குக்குலே கங்கை, களுகங்கையோடு போய்ச் சேருகிறது. 1988 இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்த சிங்கராஜவைப் பார்க்க வருவோர் கலவானவிலிருந்து வெத்தாகல வழியாகக் குடாவ நுழைவாயிலுக்குப் போகிறார்கள்.

அழகைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். இந்த மழைக்கும் மேட்டுக்கும் நடுவில் ஒரு வேனை வைத்துக்கொண்டு வாழ்க்கை நடத்தும் குடும்பங்களைப் பற்றித்தான் இங்கே எழுத நினைத்தோம்.

வேன் இல்லாமல் நாள் இல்லை

கலவானவைச் சுற்றிய வீடுகள் நெருக்கமாக இல்லை. மேட்டில் ஒன்று, பள்ளத்தில் ஒன்று. பிள்ளைகள் பாடசாலைக்குப் போவதும், பெரிய வருத்தம் என்றால் இரத்தினபுரி வைத்தியசாலைக்கு ஓடுவதும், கல்யாணம், மையித்து என்று உறவு வீடுகளுக்குப் போவதும் பெரும்பாலும் வேனில்தான். தேயிலைக் கொழுந்தும் காத்திருக்காது. பறித்த கொழுந்து சாக்குக்குள் சூடேறிக் கெட்டுப்போகும் முன் அன்றன்றே தொழிற்சாலைக்குப் போய்ச் சேர வேண்டும்.

பாடசாலை வேன் ஓட்டிப் பிழைக்கும் ஒரு குடும்பத்தில் சில நாட்கள் தங்கியிருந்தோம். நானா விடியலுக்கு முன்பே எழுந்து வேனைத் துடைப்பார். ராத்தா அடுப்படியில் தொங்கும் கொப்பியை எடுத்து முந்திய நாளின் ஓட்டத்தையும் டீசலையும் எழுதுவார். வேன் ஒரு கிழமை கராஜில் நின்றால் பிள்ளைகளின் மாதக் கட்டணம் குறையும், லீசிங் தவணை பிந்தும், பிந்திய தவணைக்கு மேலதிகக் கட்டணம் ஏறும். மூன்று தவணை தவறினால் வேன் வாசலில் நிற்குமா என்பதே கேள்வி. ஆகவே அந்த வீட்டில் வேனின் ஆரோக்கியமும் அடுப்பு எரிவதும் ஒரே கணக்கு.

மழை செய்யும் வேலை

கலவானவில் வேனுக்கு முதல் எதிரி துரு. சேறு மட்கார்டின் உட்புறத்திலும் கதவுகளின் அடிப்பகுதியிலும் ஒட்டிக்கொண்டு காயாமலே கிடக்கும். கதவின் அடியில் தண்ணீர் வடிய உள்ள சிறு துவாரங்கள் சேற்றால் அடைபட்டால் கதவு உள்ளிருந்தே அரிக்கப்படும். பழைய பல்துலக்கியும் ஓர் ஈர்க்கும் இருந்தால் போதும், பத்து நிமிடத்தில் இந்தத் துவாரங்களைத் திறந்துவிடலாம். தகரம் வெட்டி ஒட்டி வர்ணம் அடிக்கும் செலவோடு ஒப்பிட்டால் இந்தப் பத்து நிமிடத்தின் பெறுமதி விளங்கும்.

இரண்டாவது, டீசலில் சேரும் தண்ணீர். டாங்கி பாதி வெறுமையாக இரவெல்லாம் நின்றால் ஈரக் காற்று குளிர்ந்து உள்ளே நீர்த்துளியாகிறது. டீசல் வேன்களில் எரிபொருள் வடிகட்டியின் அடியில் தண்ணீரைப் பிரித்து வெளியேற்றும் ஒரு திருகு இருக்கும். அதைத் தளர்த்தி அடியில் தேங்கிய நீரை மாதம் ஒரு முறை வடித்துவிட வேண்டும். விட்டுவிட்டால் அந்த நீர் பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் போகும். அதன் பின் வரும் கராஜ் பில் ஒரு மாத வருமானத்தையே விழுங்கிவிடும்.

மூன்றாவது, வெள்ளம். 2017 மே மாதக் கடைசியில் குக்குலே கங்கைப் பகுதியில் 24 மணி நேரத்துக்குள் 500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்தது. கலவானப் பிரதேசம் வெள்ளத்தாலும் மண்சரிவாலும் பெரும் உயிர்ச்சேதத்தைக் கண்டது. நாடு முழுவதும் 200 பேருக்கு மேல் அந்த அனர்த்தத்தில் இறந்தார்கள். ஆறு வீதியில் ஏறியிருக்கும்போது "கொஞ்சத் தண்ணீர்தானே" என்று வேனை இறக்குவது முதலில் உயிருக்கு ஆபத்து. எஞ்சின் காற்றோடு தண்ணீரை இழுத்துவிட்டால் உள்ளே கம்பிகள் வளைந்து எஞ்சினே போய்விடும். தப்பி வந்தாலும் வேலை முடிவதில்லை. பிரேக்கை மெதுவாக மிதித்து மிதித்து ஓட்டிக் காயவைக்க வேண்டும். பின் அச்சின் ஒயில் பால் நிறமாகியிருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று அர்த்தம். உடனே மாற்ற வேண்டும்.

மேடும் இறக்கமும்

டீசலை மிச்சப்படுத்துவதாக எண்ணிச் சிலர் இறக்கத்தில் கியரை நியூட்ரலில் விட்டு உருளவிடுகிறார்கள். இன்னும் சிலர் எஞ்சினையே நிறுத்திவிடுகிறார்கள். இதில் மிச்சம் என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. கியரில் இறங்கும்போது, அக்ஸிலேட்டரில் கால் வைக்காதவரை, டீசல் பம்பு எஞ்சினுக்குக் கொடுக்கும் எரிபொருளை ஏறக்குறைய நிறுத்திவிடுகிறது. நியூட்ரலில் விட்டாலோ எஞ்சின் அணையாமல் ஓடுவதற்கே டீசல் வேண்டும்.

ஆபத்து இன்னும் பெரியது. பிரேக்கை இலகுவாக்கும் வெற்றிடம் எஞ்சின் ஓடினால்தான் உண்டாகும். எஞ்சினை நிறுத்திய வேனில் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் கல்லாகிவிடும். ஸ்டியரிங்கும் கனத்துவிடும். நியூட்ரலில் இறங்கினால் வண்டியின் முழுப் பாரத்தையும் பிரேக்கே தாங்க வேண்டும். தொடர்ந்து மிதிபடும் பிரேக் சூடேறி, கடைசி வளைவில் பிடிக்காமல் போகும். ஒரு மேட்டில் ஏற எந்தக் கியர் தேவைப்பட்டதோ அதே கியரில் அந்த மேட்டில் இறங்க வேண்டும் என்பது மலைநாட்டுச் சாரதிகளின் பழைய விதி. பதினைந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பொத்துப்பிட்டியப் பக்கம் இறங்கும் சாரதிக்கு அந்த விதிதான் காவல்.

பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. ஈரம் சேர்ந்த ஒயில் சூட்டில் கொதித்து ஆவியாகி, மிதியைக் காற்றுப் போன பந்தாக்கிவிடும். ஆகவே இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை அதை முழுதாக மாற்றுவது கலவான போன்ற ஊரில் கட்டாயம்.

2022 கற்றுத் தந்தது

2021 டிசம்பரில் ஒரு லீற்றர் டீசல் 121 ரூபாய். 2022 ஜூன் கடைசியில் அதே லீற்றர் 460 ரூபாய். நாளைக்கு 60 கிலோமீற்றர் ஓடும் ஒரு பாடசாலை வேன் லீற்றருக்கு 10 கிலோமீற்றர் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாதத்தில் 22 நாள் ஓடினால் 132 லீற்றர் வேண்டும். முன்பு 15,972 ரூபாயில் முடிந்த செலவு 60,720 ரூபாயாக உயர்ந்தது. பிள்ளைகளின் பெற்றோரிடம் அதே விகிதத்தில் எப்படிக் கேட்பது? அவர்களும் அதே விலைவாசியில்தானே வாழ்ந்தார்கள்?

அந்த ஜூலையில் கியூஆர் அட்டை முறை வந்தது. வேனுக்கு ஆரம்பத்தில் வாரத்துக்கு 20 லீற்றர் கிடைத்தது. லீற்றருக்கு 10 கிலோமீற்றர் ஓடும் வேனுக்கு அது 200 கிலோமீற்றர். ஐந்து நாள் ஓட்டத்துக்கோ 300 கிலோமீற்றர் தேவை. பாடசாலைகள் ஜூலை 25 அன்று வாரத்தில் மூன்று நாட்களாகத் திறக்கப்பட்டபோது தேவை 180 கிலோமீற்றராகி, மயிரிழையில் பொருந்தியது. காற்றுக் குறைந்த டயரோடும் அடைபட்ட வடிகட்டியோடும் லீற்றருக்கு 8 கிலோமீற்றர் ஓடிய வேனுக்கு 160 கிலோமீற்றர்தான் கிடைத்தது. ஒழுங்காகப் பராமரித்த வேனுக்கும் பராமரிக்காத வேனுக்கும் உள்ள வித்தியாசம், மூன்றாம் நாள் பிள்ளைகள் பாடசாலைக்குப் போவதும் போகாததுமாக அன்று தெரிந்தது. 2023 செப்டெம்பரில் அந்தப் பங்கீடு நிறுத்தப்பட்டது. அந்தக் கணக்கை மட்டும் மறந்துவிடக் கூடாது.

அந்த நாட்களில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயாக இருந்ததால் சிலர் டீசலில் கலந்து ஓட்டினார்கள். டீசலுக்குள்ள வழவழப்பு மண்ணெண்ணெய்க்கு இல்லை. அதனால் பம்பின் உள்ளுறுப்புகள் உரசித் தேயும். மிச்சம் பிடித்த பணமும் பம்போடு போகும்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனிப்பட்ட வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடையிலிருந்த ஐந்து ஆண்டுகளில் பழைய வேன்களின் விலை எங்கேயோ போனது. வேறொன்று வாங்க வழியில்லாத குடும்பங்கள் இருப்பதைப் பேணிக் காத்தன. உதிரிப்பாகம் தேடி கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளில் ஏறி இறங்கிய கதை கலவானவில் பல வீடுகளில் உண்டு.

அடுப்படிக் கொப்பி

ராத்தாவின் கொப்பியில் பெரிய கணிதம் எதுவும் இல்லை. டாங்கியை நிரப்பும் நாளில் மீற்றர் இலக்கத்தை எழுதுகிறார். அடுத்த முறை நிரப்பும்போது ஓடிய தூரத்தை ஊற்றிய லீற்றரால் வகுக்கிறார். 420 கிலோமீற்றருக்கு 42 லீற்றர் என்றால் பத்து. அடுத்த முறை 378 கிலோமீற்றருக்கே 42 லீற்றர் போனால் ஒன்பது. அதே பாதை, அதே பிள்ளைகள், ஆனால் பத்தில் ஒரு பங்கு டீசல் எங்கேயோ போகிறது. டயர்க் காற்றா, காற்று வடிகட்டியா, பிடித்துக்கொண்டு நிற்கும் பிரேக்கா என்று தேடத் தொடங்கலாம். வேன் வீதியில் நிற்கும் முன்பே கொப்பி சொல்லிவிடுகிறது.

கொப்பியின் மறு பக்கத்தில் ஒதுக்கி வைக்கும் கணக்கு. நான்கு டயர் 120,000 ரூபாய், அவை 40,000 கிலோமீற்றர் ஓடும் என்று வைத்துக்கொண்டால் ஒரு கிலோமீற்றருக்கு 3 ரூபாய். 60 கிலோமீற்றர் ஓடிய நாளில் 180 ரூபாய் ஒரு டின்னுக்குள் போக வேண்டும். அது வருமானம் அல்ல, தேய்ந்துபோன டயர். இதேபோல எஞ்சின் ஒயில், காப்புறுதி, புகைப் பரிசோதனை, பிரதேச செயலகத்தில் எடுக்கும் வருமான அனுமதிப்பத்திரம் ஆகியவற்றுக்கும் பங்கு வைக்கலாம். சீட்டுப் பிடிக்கும் சகோதரிகள், காப்புறுதி முடியும் மாதத்தில் சீட்டு விழும்படி ஒழுங்கு செய்துகொண்டால் யாரிடமும் கைமாற்றுக் கேட்க வேண்டியதில்லை.

கொப்பியில் எழுதி வைக்க வேண்டியவை:

வாரம் ஒரு முறை, டயர் குளிர்ந்திருக்கும்போது காற்று. தினமும் காலையில் எஞ்சின் ஒயிலும் ரேடியேட்டர் தண்ணீரும். (எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.) 5,000 கிலோமீற்றருக்கு ஒரு முறை எஞ்சின் ஒயிலும் அதன் வடிகட்டியும். டைமிங் பெல்ட் உள்ள வேன் என்றால் அது மாற்றிய இலக்கம். பழைய டொயோட்டா டீசல் வேன்களில் 100,000 கிலோமீற்றரில் இதற்கென ஒரு விளக்கு எரியும். பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சின் உடையும். இரண்டாம் கையாக வேன் வாங்குவோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான்.

போக நினைப்பவர்களுக்கு

சிங்கராஜ பார்க்கக் குடும்பமாகப் போவதென்றால் ஜனவரி முதல் மார்ச் வரை மழை சற்றுக் குறைவு. ஹயருக்கு வேன் பேசும்போது வாடகையை மட்டும் கேட்டுவிட்டு நிற்காமல், டயரின் பள்ளங்களைக் கண்ணால் பாருங்கள். மேலதிகச் சில்லு இருக்கிறதா, அதில் காற்று இருக்கிறதா என்று கேளுங்கள். ஆசனத்துக்கு மேல் ஆளை ஏற்றாதீர்கள். மழைக் காலத்தில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் மண்சரிவு எச்சரிக்கையைக் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். திரும்பும்போது கித்துள் பாணியும் கருப்பட்டியும் வாங்கி வரலாம்.

வேன் வைத்திருக்கும் வீட்டுச் சகோதரிகளுக்கு ஒரு சொல். வீண்விரயத்தை மார்க்கம் தடுக்கிறது. தேவையானதைச் செய்யாமல் விடுவதைச் சிக்கனம் என்று யாரும் சொல்வதில்லை. பயணத்தைக் குறைத்து, வேகத்தைக் குறைத்து, காத்திருக்கும்போது எஞ்சினை நிறுத்தி, கூரையில் வீணாக நிற்கும் கெரியரைக் கழற்றி டீசலை மிச்சம் பிடியுங்கள். பிரேக்கிலும் டயரிலும் மட்டும் கை வைக்காதீர்கள். "இந்த மாதம் போகட்டும், அடுத்த மாதம் லைனர் மாற்றலாம்" என்று வீட்டுக்காரர் சொன்னால், டின்னைத் திறந்து பணத்தை அவர் கையில் கொடுத்து அன்றைக்கே கராஜுக்கு அனுப்புங்கள். காலையில் அந்த வேனில் ஏறுவது ஊரார் பிள்ளைகள்.