தங்கச்சிமடம் வீட்டில் கம்பி இழுத்த நாட்கள்

மே 26, 2025, திங்கள்

மாடிச் சுவர்கள் எழும்பிவிட்டன. அடுத்த வாரம் பூச்சு என்கிறார் மேஸ்திரி. நெட்வொர்க் கேபிள் எந்தெந்தச் சுவரில் போகவேண்டும் என்பதை அதற்குள் முடிவுசெய்தாக வேண்டும். பூசிய பிறகு உடைத்தால் சுவருக்கும் கேடு, பணத்துக்கும் கேடு.

"எதுக்குக்கா இவ்வளவு பாடு? வைஃபை பெட்டி ஒண்ணு வச்சாப் போதாதா?" என்றான் தம்பி. அவன் போனையே கையில் கொடுத்து வீட்டைச் சுற்றிவரச் சொன்னேன். ரூட்டர் இருக்கும் முன்னறையைத் தாண்டியதுமே கோடுகள் குறைந்தன. கீழ்வீட்டின் பின்னறையில் ஒன்றுமே இல்லை. கீழ்வீடு தாத்தா காலத்தது. முருகைக்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்துக் கட்டிய ஒன்றரை அடிச் சுவர். அதைத் தாண்டும்போது ரேடியோ அலை செத்துப்போகிறது; வேகம் அதிகமுள்ள 5 கிகாஹெர்ட்ஸ் அலை இன்னும் சீக்கிரம் சாகிறது. தளத்துக்கு ஒரு வைஃபை பெட்டி வைத்து, இரண்டையும் கம்பியால் மையத்தோடு சேர்ப்பதுதான் வழி.

சுண்ணக்கட்டியால் இடங்களைக் குறித்தேன். டி.வி.க்கு ஒன்று, மருமகளின் படிப்பு மேசைக்கு இரண்டு, கூரையில் வைஃபை பெட்டிக்கு ஒன்று, வாசல் கேமராவுக்கு ஒன்று. எல்லாக் கம்பியும் வந்து சேரும் மையம் மாடிப்படிக்குக் கீழே. மின்சாரம் நின்றாலும் இணையம் நிற்காதபடி இன்வெர்ட்டர் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் பேட்டரியின் ஆவி படக்கூடாது என்பதால் எதிர்ச்சுவரில், ஆள் உயரத்துக்கு மேலே. கடல் பார்த்த ஜன்னலுக்கு அருகில் எதையும் வைக்கவில்லை.

மே 28, புதன்

இராமநாதபுரம் போய்ச் சாமான் வாங்கிவந்தேன். கேட் 6 கேபிள், 305 மீட்டர் பெட்டி. ஒரே மாதிரி அச்சடித்த இரண்டு பெட்டிகளைக் கடைக்காரர் எடுத்துப் போட்டார். ஒன்றின் விலை மற்றதில் ஏறக்குறைய பாதி. மலிவானதில் ஒரு துண்டு வெட்டித் தரச்சொல்லி, கம்பியைப் பிளேடால் சுரண்டினேன். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய ரகம். மின்தடை கூடுதல், கேபிள் வழியாகவே கேமராவுக்கு மின்சாரம் அனுப்பும்போது சூடேறும். அதைவிடப் பெரிய ஆபத்து நம் ஊருக்கே உரியது. செம்பும் அலுமினியமும் ஒட்டியிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் படிந்தால் அலுமினியம்தான் அரித்துப்போகும். சுவருக்குள் இருக்கும் நீளத்துக்கு ஒன்றும் ஆகாமல் முனையில் மட்டும் பொடியாகி உதிரும். முழுச் செம்புதான் வாங்கினேன்.

சுவர்ப் பெட்டிகளும் இரும்பு வேண்டாம் என்று பி.வி.சி.யில் எடுத்தேன். திருகாணிகள் பித்தளை. திரும்பும்போது பேருந்து ஜன்னலில் புதிய பாம்பன் பாலம் தெரிந்தது. ஏப்ரல் 6-ஆம் தேதி திறந்தார்கள். 1914-இல் வந்த பழைய பாலத்தை அரிப்பு தின்றதைப் பார்த்துவிட்டு, புதியதில் கான்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளையே வைத்திருக்கிறார்கள். ரயில்வேக்குத் தெரிந்த இந்தச் சேதி நம் வீட்டுத் திருகாணிக்கும் பொருந்தும்.

மே 31, சனி

எலக்ட்ரீஷியன் பாய் வந்து சுவரில் காடி எடுத்துப் பைப் பதித்தார். 25 எம்.எம். பைப் கேட்டேன், 20 போதும் என்றார். நான்கு கேபிள் போகிற வழியில் பைப்பின் பாதிக்கு மேல் நிரம்பக்கூடாது, நாளைக்கு ஒன்று சேர்க்கவோ மாற்றவோ இடம் வேண்டும் என்றதும் ஒத்துக்கொண்டார். திருப்பங்களில் எல்போ போடவில்லை. நீளமான பெண்ட் மட்டும். கேட் 6 கேபிளை அதன் தடிமனைப்போல் நான்கு மடங்கு ஆரத்துக்குக் குறைவாக மடக்கினால் உள்ளே முறுக்கிய இணைகள் கலைந்துவிடும்.

கரண்ட் பைப்புக்கும் இதற்கும் ஓர் அடி இடைவெளி விட்டோம். தாண்டித்தான் தீரவேண்டிய இரண்டு இடங்களில் நேர்குறுக்காகத் தாண்டினோம். 230 வோல்ட் பக்கத்திலேயே இணையாக ஓடினால் அதன் இரைச்சல் இதில் ஏறும்.

கீழ்வீட்டுச் சுவரில் உளி வைக்க நான் சம்மதிக்கவில்லை. முருகைக்கல் என்பது பவளம்தான்; பவளங்கள் 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. அந்தக் கல்லை இனி யாரும் எடுக்கவும் முடியாது, எடுக்கவும் கூடாது. உடைந்தால் மாற்றுக் கல் கிடையாது. அங்கே மட்டும் சுவர்மேல் பட்டி அடித்து, அதற்குள் கேபிள்.

கச்சான் காற்று மணலை வாரி இறைக்கிறது. சாயங்காலம் எல்லாப் பைப் வாய்களையும் காகிதம் சுருட்டி அடைத்தோம்.

ஜூன் 5, வியாழன்

பூச்சு முடிந்தது. பூசுவதற்கு முன்பே ஒவ்வொரு சுவரையும் அளவு நாடாவை ஓட்டிப் படம் எடுத்துவைத்தேன். அலமாரிக்கு ஆணி அடிக்கிறவருக்கு உதவும்.

ஜூன் 7, சனி

பக்ரீத். பாய் வரவில்லை, மதியம் பிரியாணி வந்தது. வேலையில்லாத நாளில் வலைக்கொட்டகை விஷயத்தைத் தீர்த்துவிடலாம் என்று தம்பியோடு உட்கார்ந்தேன்.

கொட்டகை வீட்டிலிருந்து நாற்பது மீட்டருக்குள்தான். வலை, இன்ஜின் சாமான் எல்லாம் அங்கே கிடக்கின்றன. கேமரா வேண்டும் என்பது நியாயம். மீதிக் கேபிளைத் தென்னைமரத்தில் கட்டி இழுத்துவிடலாம் என்பது அவன் யோசனை. நூறு மீட்டர் வரை கேட் 6 தாங்கும்தானே என்றான். தாங்கும். ஆனால் தொலைவு இங்கே பிரச்சினையே இல்லை.

கொட்டகைக்குத் தனி மின் இணைப்பு, தனி எர்த். இடி அருகில் விழும்போது இரண்டு இடத்து மண்ணுக்கும் நடுவே ஆயிரக்கணக்கான வோல்ட் வித்தியாசம் ஒரு நொடியில் பாயும். நடுவில் செம்புக் கம்பி இருந்தால் அதுதான் பாதை. நேரடியாக அடிக்கவேண்டும் என்றில்லை. பக்கத்தில் விழுந்தாலே போதும். கேமரா, ஸ்விட்ச், அதில் செருகிய கம்ப்யூட்டர் என்று வரிசையாகப் போகும். ஐப்பசி, கார்த்திகையில் நம் ஊர் இடியைக் கடலில் நின்று பார்க்கிறவன் அவன். அவனுக்கே இதைச் சொல்ல வேண்டியிருந்தது.

மாற்று ஃபைபர். கண்ணாடி இழையில் ஒளி போகும், மின்சாரம் போகாது. இரண்டு முனையிலும் ஒரு மீடியா கன்வர்ட்டர். ஆனால் தெருவில் இழுக்கும் ஃபைபரில் தாங்குவதற்காக ஓர் இரும்புக் கம்பி சேர்ந்தே வரும். அதை வாங்கினால் ஒளியோடு இடிக்கும் பாதை போட்டதாகிவிடும். உலோகமே இல்லாத ரகமாக, இரு முனையிலும் கனெக்டர் பொருத்தியதாகக் கேட்கவேண்டும். மண்ணுக்குள் இரண்டடி ஆழத்தில் பைப்பில் போகும். கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரிக்கா, நானே குழி வெட்டுறேன்" என்றான். மீன்பிடித் தடைக்காலம் முடிய ஒரு வாரம் இருக்கிறது.

ஜூன் 10, செவ்வாய்

கேபிள் இழுத்தோம். பாய் ஸ்பிரிங்கை விட்டு மேலிருந்து வாங்க, நான் கீழே பெட்டியிலிருந்து சிக்கலில்லாமல் கொடுத்தேன். அழுத்தி இழுக்காமல், நின்று நின்று. ஒவ்வொரு கேபிளின் இரு முனையிலும் எண் எழுதிய டேப். ஒவ்வொரு பைப்பிலும் ஒரு நைலான் நூலைக் கூடவே விட்டோம். இது என் பிடிவாதம். இந்தக் காற்றில் எந்தக் கம்பியும் என்றைக்கும் இருக்காது. மாற்றுகிறவர் அந்த நூலில் கட்டி இழுத்துக்கொள்ளலாம்.

ஜூன் 12, வியாழன்

முனை பொருத்தும் வேலை. ஆரஞ்சுவெள்ளை, ஆரஞ்சு, பச்சைவெள்ளை, நீலம், நீலவெள்ளை, பச்சை, பழுப்புவெள்ளை, பழுப்பு. இரண்டு முனையிலும் இதே வரிசை. முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்கக்கூடாது. இணைகளின் பேச்சு ஒன்றில் ஒன்று கலக்காமல் காப்பது அந்த முறுக்குதான்.

படிப்பு மேசை இணைப்பில் கம்ப்யூட்டர் வேலை செய்தது, வீடியோவும் ஓடியது. எல்லாம் சரி என்று பாய் பையைக் கட்டினார். டெஸ்டர் வைத்துப் பார்க்கச் சொன்னேன். ஏழாவது விளக்கு எரியவில்லை. பழுப்புவெள்ளை சரியாக இறங்கவில்லை. 100 மெகாபிட் வேகத்துக்கு இரண்டு இணை போதும். 1000-க்கு நான்கும் வேண்டும். டெஸ்டர் இல்லாமல் விட்டிருந்தால் பத்தில் ஒரு பங்கு வேகத்திலேயே அந்தப் பிள்ளை வருஷக்கணக்காகப் படித்திருப்பாள், யாருக்கும் தெரிந்திருக்காது. மறுபடி அடித்ததும் எட்டும் எரிந்தன.

வாசல் கேமராவின் இணைப்பில் தம்பி சிலிகான் கிரீஸ் தடவினான். படகின் வயர்லெஸ் ஆன்டெனா முனைக்கு அவன் எப்போதும் செய்வதுதான். அதன்மேல் தண்ணீர் புகாத மூடி.

ஜூன் 14, சனி

தடைக்காலம் இன்று நள்ளிரவோடு முடிகிறது. ஐஸும் டீசலும் ஏற்ற ஓடுகிறான் தம்பி. அதற்கு நடுவிலும் காலையில் ஃபைபர் குழியை மூடிவிட்டுப் போனான். மண்ணுக்குக் கீழே அரை அடியில் மஞ்சள் நாடா விரித்திருக்கிறான், நான் சொல்லாமலே. பைப்புக்கு மேல் அது கிடந்தால் பிறகு தோண்டுகிறவன் மண்வெட்டியை நிறுத்துவான்.

ஜூன் 17, செவ்வாய்

கொட்டகைக் கேமரா வந்துவிட்டது. பின்னறையில் அம்மா போனில் சித்தியிடம் முகம் பார்த்துப் பேசுகிறார். இதுவரை அதற்கு வாசலுக்கு வரவேண்டியிருந்தது. கம்பி போகும் வழிகளை ஒரு தாளில் வரைந்து, எண்களோடு, மையப் பெட்டியின் கதவுக்கு உட்புறம் ஒட்டினேன். எர்த் குழியைப் பாய் மீட்டர் வைத்துப் பார்த்தார். மணல் காய்ந்து தடை ஏறியிருக்கிறது. 5 ஓமுக்குக் கீழே வரவேண்டும் என்கிறார். ஆடி முடிவதற்குள் புதுக் குழி போடச் சொல்லியிருக்கிறேன்.